பெங்களூர் கத்திரிக்காயும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அவரையும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ் வீட்டு அக்கா மாடிக்கு வந்து என் கையில் ஒரு சௌசௌவைத் திணித்தார். காயின் நுனி பிளந்து, பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தது.

"முத்திப் போச்சேக்கா, கூட்டுக்கு ஆகாதே" என்றேன்.

"கூட்டுக்குன்னு யாரு சொன்னா? தொட்டியில சாய்ச்சு வெச்சு பாதி மண்ணை மூடு தம்பி. கொடி வந்தா எனக்கு நாலு காய் குடு, போதும்."

"விதையை மட்டும் தனியா எடுத்து வெச்சுக்க முடியாதா?"

அக்கா சிரித்துவிட்டார். "அது விதையை வெளிய விடாதுப்பா. குடுக்கணும்னா காயோடதான் குடுக்கணும்."

அக்காவின் தாத்தா பின்னி மில் வேலைக்காக வட ஆற்காட்டிலிருந்து வந்து ஒக்கலிபுரத்தில் குடியேறியவர். மூன்று தலைமுறையாக இங்கேதான். நான் டிரான்ஸ்ஃபரில் வந்தவன். அவர் சொன்ன அந்த ஒரு வரி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் இந்தக் காயின் கதை.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் இதற்குப் 'பெங்களூர் கத்திரிக்காய்' என்று பெயர். பெங்களூருக்கு வந்த புதிதில் காய்கறிக் கடையில் அதே பெயரைச் சொல்லிக் கேட்டேன். கடைக்காரர் விழித்தார். அவர்களுக்கு அது 'சீமே பதனேகாயி', அதாவது சீமைக் கத்திரிக்காய். நாம் அதைப் பெங்களூர்க்காரன் என்கிறோம், பெங்களூர்க்காரர்களோ சீமைக்காரன் என்கிறார்கள். டார்ஜிலிங் பக்கம் 'இஸ்கஸ்', இலங்கையில் 'சோச்சோ'. உண்மையில் இது மெக்சிகோ பக்கத்துக் காய். அஸ்டெக் மக்களின் மொழியில் 'சயோத்லி'. கத்திரிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இது பூசணிக் குடும்பம். ஒவ்வொரு ஊரும் தனக்குக் கொடுத்த ஊரின் பெயரையோ, அங்கே கேட்ட பெயரையோ வைத்துக்கொண்டது போலிருக்கிறது.

பெங்களூருக்கு யார் கொடுத்தது? லால்பாக் என்று சொல்வார்கள்.

லால்பாக் 1760இல் ஹைதர் அலி போட்ட தோட்டம். அவர் மகன் திப்பு காபூல், பாரசீகம், மொரீஷியஸ் என்று பல இடங்களிலிருந்து விதையும் கன்றும் தருவித்தார். திப்பு இறந்த மறு வருடம், 1800இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற கம்பெனி மருத்துவர் பெங்களூர் வந்து ஹைதரும் திப்புவும் போட்ட தோட்டங்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஒரு பாத்தி முழுக்க ரோஜா, இன்னொரு பாத்தி முழுக்க மாதுளை என்று செடிக்கு ஒரு பாத்தியாகப் பிரித்திருந்ததாம். அடுத்துத் தோட்டம் பெஞ்சமின் ஹெய்ன் என்ற ஜெர்மானியர் கைக்குப் போனது. அவர் யார் தெரியுமா? நம்ம தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்தவர்!

1856இல் லால்பாக் அரசுத் தோட்டமானது. 1874இல் லண்டன் க்யூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற ஜான் கேமரூன் பொறுப்பேற்று 1908 வரை இருந்தார். அந்தக் காலத்துத் தாவரவியல் தோட்டங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. தன்னிடம் உபரியாக இருக்கும் விதைகளின் பட்டியலை அச்சடித்து மற்ற தோட்டங்களுக்கு அனுப்புவார்கள். வேண்டியதை அவர்கள் கேட்டு வாங்குவார்கள், பதிலுக்குத் தங்கள் பட்டியலை அனுப்புவார்கள். காசு கிடையாது, சுத்தமான பண்டமாற்று. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், டர்னிப், நூல்கோல் போன்றவை இந்தப் பக்கம் வேர் பிடித்ததில் கேமரூன் காலத்து லால்பாக்குக்குப் பெரிய பங்கு உண்டு. சௌசௌவையும் அவர் கணக்கில்தான் எழுதுகிறார்கள். 1912இல் அவருக்கு அடுத்து வந்த கிரும்பிகல் மைசூர் தோட்டக்கலைச் சங்கத்தைத் தொடங்கினார். பொழுதுபோக்காகத் தோட்டம் போடுபவர்களுக்கும் லால்பாக்குக்கும் அதிலிருந்து உறவு கூடியது.

ஆனால் துரைமார் பட்டியல் அனுப்பினால் மட்டும் காய் விளைந்துவிடாது. மண்ணைக் கொத்தியவர்கள் வேறு. பெங்களூரின் தோட்டக்காரச் சமூகம் திகளர். பல தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள், கன்னடமும் தெலுங்கும் கலந்த ஒரு தமிழ் அவர்கள் வீடுகளில் உண்டு. சித்திரா பௌர்ணமியில் தர்மராயசுவாமி கோயில் கரகம் எடுப்பது அவர்கள்தான். நம் வட மாவட்டத் திரௌபதி அம்மன் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு அதன் வேர் சட்டென்று புரியும். ஏரிக்கரைகளில் கீரையும் காயும் பூவும் போட்டு இந்த ஊருக்குச் சோறு போட்டவர்கள். அந்த ஏரிகள் இன்று இல்லை. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா ஸ்டேடியம். தர்மாம்புதி ஏரி, ஒக்கலிபுரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு. ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் ஒவ்வொரு தமிழனும் முதலில் கால் வைப்பது ஒரு ஏரியில்தான் :-)

சரி, சௌசௌவுக்கு வருவோம். இந்தக் காய்க்குள் ஒரே ஒரு விதை. அதற்குக் கெட்டியான ஓடு கிடையாது. காய்க்குள் இருக்கும்போதே முளைத்துவிடும். வெளியே எடுத்துக் காயவைத்தால் செத்துப்போகும். டப்பாவில் போட்டு வைக்க முடியாது, கவரில் போட்டு அனுப்பவும் முடியாது. காயாகவே கைமாற வேண்டும், கைமாறிய கையோடு மண்ணுக்குள் போக வேண்டும். மெக்சிகோவில் ஆரம்பித்து அக்காவின் கை வரை, ஒவ்வொரு கட்டத்திலும் யாரோ ஒருவர் சமைக்காமல் வைத்து வளர்த்திருக்கிறார்கள். இல்லையென்றால் அது இங்கே வந்திருக்காது.

அவரை இதற்கு நேர் எதிர். காயவைத்து எடுத்து வைக்கலாம். அதுதான் எனக்கு வினையாகப் போனது.

எனக்கு இந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் ஆனபோது அம்மா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய பந்தல் அவரை விதை கொடுத்து அனுப்பினார். பட்டையான காய், ஓரத்தில் ஊதாக் கோடு. எங்கள் கொல்லையில் ஆடியில் போட்டால் மார்கழியிலிருந்து காய்க்கும். அம்மாவுக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. முதல் வருடம் மொட்டை மாடியில் போட்டேன், நன்றாகவே வந்தது. கீழ் வீட்டு அக்கா ஒரு கைப்பிடி விதை கேட்டார். அரை மனசோடு எண்ணிப் பன்னிரண்டு கொடுத்தேன். (பேங்க்காரன் புத்தி!)

பிறகு அம்மா போய்விட்டார். ஊரில் வீட்டை விற்றோம், கொல்லையும் அதோடு போனது. அதற்கப்புறம் அந்த பாட்டிலைத் தொட எனக்கு மனம் வரவில்லை. போட்டால் தீர்ந்துவிடுமோ, மழையில் கெட்டுவிட்டால் என்ன செய்வது என்று பரண் மேல் பத்திரமாக வைத்தேன். ஏழு வருடம். திறந்து பார்த்தபோது பாதி மாவு, ஒவ்வொரு விதையிலும் ஓட்டை. வண்டு வெளியிலிருந்து வரவில்லை. கொடியில் இருக்கும்போதே காய் மேல் முட்டை வைத்துவிடும், நாம் அதையும் சேர்த்துத்தான் மூடி வைக்கிறோம். முழுசாக இருந்த இருபது விதைகளை ஊற வைத்துப் போட்டேன். ஒன்றுகூட முளைக்கவில்லை.

லாக்கரில் வைத்த பணத்துக்கு வட்டி கிடையாது, வாடகைதான் கட்ட வேண்டும் என்று தினமும் கஸ்டமரிடம் சொல்பவன் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

இதை எனக்கு முன்பே புரிந்துகொண்டவர் எங்கள் மாவட்டத்திலேயே இருந்தார். திருத்துறைப்பூண்டி பக்கத்து நெல் ஜெயராமன். ஆதிரெங்கத்தில் வருடா வருடம் நெல் திருவிழா நடத்தி, விவசாயிக்கு 2 கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார். அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்ப வேண்டும். நூறு சதவீத வட்டி! எங்கள் பேங்கில் கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் 2 கிலோ விதைத்தவனுக்கு 4 கிலோ ஒரு பாரமே இல்லை, அந்த 4 கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். இப்படியே 2018 டிசம்பரில் அவர் மறைவதற்குள் 174 நெல் ரகங்களை மீட்டிருந்தார். அந்தத் திருவிழா நடந்த இடத்துக்கும் எங்கள் ஊருக்கும் அதிக தூரமில்லை. நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். டயான் ஆட் வீலி என்ற பெண்மணிக்கு அவருடைய தாத்தா கொஞ்சம் பூச்செடி விதையும் தக்காளி விதையும் கொடுத்தார். அவர்களுடைய முன்னோர் ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து குடிபெயர்ந்தபோது கொண்டுவந்த விதைகள் அவை. தாத்தா இறந்த பிறகு அந்தப் பொறுப்பு தன் கையில் இருப்பதை உணர்ந்து, 1975இல் கணவருடன் சேர்ந்து விதை பரிமாறும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச். பிழைக்கப் போனவர்களின் விதை, நம்மைப் போலவே.

நம் நாட்டில் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. உலக வர்த்தக ஒப்பந்தத்துக்குப் பிறகு பயிர் ரகங்களுக்கு உரிமை பதியும் சட்டம் 2001இல் வந்தபோது, அதன் 39ஆம் பிரிவில் விவசாயி தன் விளைச்சலின் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், பகிரலாம், விற்கலாம் என்று எழுதியே வைத்தார்கள். பதிவான ரகத்தைப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் போட்டு விற்பது மட்டும் கூடாது.

பெங்களூரில் மாடித்தோட்டக்காரர்கள் 2011 முதல் 'ஊட்டா ஃப்ரம் யுவர் தோட்டா' என்ற பெயரில் சந்தை கூட்டி வந்திருக்கிறார்கள். அங்கெல்லாம் விதை மாற்றிக்கொள்பவர்களிடம் நான் கற்றது கொஞ்சம். ஹைபிரிட் பாக்கெட்டில் வந்த செடியின் விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள், அடுத்த தலைமுறை அம்மா மாதிரி இருக்காது. அவரை, தக்காளி பெரும்பாலும் தன் பூவிலேயே சூல் கொள்ளும், நம்பிக் கொடுக்கலாம். சுரை, பூசணி அப்படியில்லை. பக்கத்து மாடியில் வேறு ரகம் இருந்தால் தேனீ கலந்துவிடும். வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. விதையை நன்கு காயவைத்துச் சாம்பலில் புரட்டி, கவர் மேல் பெயரும் வருடமும் எழுதுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் பெட்டியில் மறைத்து எடுத்துப் போகாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அபராதமே உண்டு. அந்தந்த ஊரிலேயே மாற்றிக்கொள்ள ஆள் கிடைப்பார்கள்.

என் அவரை என்ன ஆயிற்று? பாட்டில் விஷயத்தை அக்காவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டே இருந்தேன். முளைவிட்ட சௌசௌவை வாங்கிய மூன்றாம் நாள்தான் போய்ச் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு பழைய புடவைத் துணி முடிச்சைக் கொண்டுவந்து அவிழ்த்தார். கருப்பு விதை, வெள்ளைக் கண். எனக்குத் தெரியாதா!

"உன் பன்னெண்டுதாம்பா. வருஷா வருஷம் போடறேன். ஸ்ரீராமபுரத்துல என் தங்கச்சி போடறா, அவ சம்பந்தி வீட்ல போடறாங்க. உங்கம்மா அவரைன்னுதான் நாங்க சொல்றது. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார். எண்ணவில்லை.

ஆடியில் பாதியை விதைப்பேன். மீதியைச் சிறு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன். ஒக்கலிபுரம் பக்கம் யாராவது வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாம், இன்னும் இரண்டு பேருக்குக் கொடுங்கள். சௌசௌ தொட்டியில் இரண்டு இலை விட்டிருக்கிறது. அக்காவுக்கு நாலு காய் பாக்கி.