அமெரிக்கக் கால்பந்து: சாதனைப் பட்டியலில் இருப்பதும் இல்லாததும்

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. நம் கால்பந்தை அவர்கள் சாக்கர் என்பார்கள். அவர்களுடைய ஃபுட்பால், முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, எதிரே வருபவரை முட்டித் தள்ளி முன்னேறும் ஆட்டம். காலால் உதைப்பது எப்போதாவதுதான்! கிரிக்கெட் ரசிகர்களைப் போலவே இந்த ஆட்டத்தின் ரசிகர்களுக்கும் புள்ளிவிவரம் என்றால் உயிர். அந்தப் புள்ளிவிவரங்களுக்குப் பின்னால் இருக்கும் சில கதைகளைப் பார்ப்போம்.

முதல் சம்பளம் 500 டாலர்

காசு வாங்கிக்கொண்டு ஆடிய முதல் ஆட்டக்காரர் யார்? 1895ல் 10 டாலர் வாங்கிய ஜான் பிராலியர் என்றுதான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1960களில் ஒரு பழைய கணக்குத் தாள் கிடைத்தது. பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த அலிகேனி தடகளச் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு அது. 1892 நவம்பர் 12 அன்று நடந்த ஆட்டத்துக்கு வரவு 1,683.50 டாலர், செலவு 1,062 டாலர், லாபம் 621.50 டாலர். செலவில் ஒரு வரி: ஹெஃபல்ஃபிங்கருக்கு ஆடியதற்காக ரொக்கம் 500 டாலர்!

அந்தக் காலத்தில் காசுக்கு ஆடுவது கேவலம், விதிமீறல். அதனால் விஷயம் வெளியே வரவில்லை. ஆனால் கணக்கு எழுதியவர் ஒளிக்காமல் எழுதி வைத்துவிட்டார். கொடுத்த காசு வீண்போகவும் இல்லை. எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, ஆட்டத்தின் ஒரே டச்டவுனைப் போட்டவர் ஹெஃபல்ஃபிங்கர்தான். அப்போது டச்டவுனுக்கு 4 புள்ளிகள். ஆட்டம் 4-0.

கார் ஷோரூமில் பிறந்த லீக்

1920 செப்டம்பர் 17. ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில் அணி முதலாளிகள் கூடினார்கள். எல்லோருக்கும் நாற்காலி இல்லாததால் கார்களின் பக்கவாட்டுப் படிகளில் உட்கார்ந்தபடி பேசி லீக்கை ஆரம்பித்தார்கள். 1922ல் அதன் பெயர் நேஷனல் ஃபுட்பால் லீக், அதாவது என்.எஃப்.எல். என்று மாறியது. 1920ல் ஆடிய அணிகளில் இன்றும் இருப்பவை இரண்டுதான்: சிகாகோ பேர்ஸ், அரிசோனா கார்டினல்ஸ்.

ஒரு வருடம் கழித்து வந்து சேர்ந்த கிரீன் பே பேக்கர்ஸ் இன்னொரு அதிசயம். அதற்கு முதலாளியே கிடையாது! ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் இருக்கிறார்கள். ஆனால் டிவிடெண்ட் கிடையாது, பங்கை லாபத்துக்கு விற்கவும் முடியாது. வணிகவியல் பாடப்புத்தகப்படி பார்த்தால் வாங்கவே கூடாத பங்கு. இருந்தும் ஒவ்வொரு முறை வெளியிடும்போதும் ஜனங்கள் வாங்குகிறார்கள்.

73-0

1940 நவம்பரில் வாஷிங்டன் அணி சிகாகோ பேர்ஸை 7-3 என்று தோற்கடித்தது. வாஷிங்டன் முதலாளி ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் சும்மா இருக்கவில்லை. பேர்ஸ் ஆட்டக்காரர்கள் அழுமூஞ்சிகள் என்று பத்திரிகைக்காரர்களிடம் கிண்டலடித்தார். மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, அதே இரண்டு அணிகளும் இறுதிப் போட்டியில் மோதின. பேர்ஸ் 11 டச்டவுன் போட்டது. கூடுதல் புள்ளிக்காக உதைத்த பந்துகள் கூட்டத்துக்குள் போய்த் திரும்பி வராததால், கடைசியில் உதைக்க வேண்டாம் என்று நடுவர்களே கேட்டுக்கொண்டார்கள். முடிவு 73-0. இன்று வரை என்.எஃப்.எல். வரலாற்றில் மிகப்பெரிய வெற்றி வித்தியாசம் இதுதான்.

பட்டியலில் இல்லாத 12 வருடங்கள்

இந்த 73-0 ஆட்டத்தில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. இரு அணியிலும் இல்லை, லீக்கிலேயே இல்லை! 1920களில் நிலைமை அப்படி இருக்கவில்லை. 1921லேயே ஃபிரிட்ஸ் பொல்லார்ட் என்ற கறுப்பினத்தவர் ஏக்ரன் அணியில் ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்தார். ஆனால் 1934 முதல் 1945 வரை 12 வருடங்கள் ஒருவரையும் சேர்க்கவில்லை. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை. முதலாளிகளுக்குள் பேசாமலே ஒரு ஒப்பந்தம்.

1939ல் கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே அதிக கெஜம் முன்னேறியவர் கென்னி வாஷிங்டன். அடுத்த வருடம் என்.எஃப்.எல். அணி எதுவும் அவரை எடுக்கவில்லை. பேர்ஸ் 73 புள்ளி குவித்த அதே 1940ல் அவர் மேற்குக் கரையில் ஹாலிவுட் பேர்ஸ் என்ற சின்ன அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். 1946ல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தது. மைதானம் மக்கள் வரிப்பணத்தில் கட்டியது, எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் வாதாடினார்கள். அதன் பிறகே கென்னிக்கு வாய்ப்புக் கிடைத்தது. அப்போது வயது 27, முழங்கால் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. அப்படியும் 1947ல் ஒரே ஓட்டத்தில் 92 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். மூன்று வருடத்தில் ஓய்வு பெற்றார்.

கடைசியாகக் கதவைத் திறந்த அணி எது தெரியுமா? அதே மார்ஷலின் வாஷிங்டன் அணி, 1962ல். அதுவும் அரசு நிலத்தில் இருந்த மைதானத்தைத் தர மாட்டோம் என்று மத்திய அரசு மிரட்டிய பிறகுதான்.

தப்பான திசையும் பாதிக் காலும்

1964 அக்டோபர் 25. மினசோட்டா வைக்கிங்ஸின் ஜிம் மார்ஷல் (மேலே சொன்ன முதலாளிக்கு உறவில்லை!) கீழே விழுந்த பந்தை எடுத்து 66 கெஜம் ஓடினார். தன் சொந்த எல்லையை நோக்கி! எதிரணிக்கு 2 புள்ளிகள். எதிரணிக்காரர் ஒருவர் வந்து கட்டிப்பிடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. நல்லவேளை, வைக்கிங்ஸ் 27-22 என்று வென்றது. பலருக்கும் இந்தத் தப்பான ஓட்டம்தான் தெரியும். அவர் ஒரு ஆட்டம்கூட விடாமல் தொடர்ந்து 282 ஆட்டங்கள் ஆடியவர் என்பது பலருக்குத் தெரியாது.

டாம் டெம்ப்சி பிறக்கும்போதே வலது பாதத்தில் விரல்கள் இல்லாதவர், வலது கையிலும் விரல்கள் இல்லை. 1970 நவம்பர் 8 அன்று நியூ ஆர்லியன்ஸ் அணிக்காகக் கடைசி நொடிகளில் அதே பாதத்தால் 63 கெஜத்திலிருந்து உதைத்து ஃபீல்டு கோல் போட்டார். அதற்கு முந்தைய சாதனை 56 கெஜம். அவருடைய தட்டையான ஷூதான் காரணம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்த 63ஐத் தாண்ட 43 வருடங்கள் ஆயின. 2013ல் மாட் பிரேட்டர் 64, 2021ல் ஜஸ்டின் டக்கர் 66, 2025ல் கேம் லிட்டில் 68.

உதைத்த தூரம், ஓடிய தூரம் எல்லாம் பட்டியலில் துல்லியமாக இருக்கிறது. ஓட விடாமல் நிறுத்திவைத்தவர்களின் கணக்குக்கு மட்டும் அதில் இடமில்லை. 1940ல் கென்னி வாஷிங்டனின் என்.எஃப்.எல். ஓட்டம் பூஜ்யம் என்றுதான் இருக்கும். அந்தப் பூஜ்யத்தை அவர் கணக்கில் எழுதக் கூடாது, லீக்கின் கணக்கில்தான் எழுத வேண்டும்.