முதல் வேலை, இரண்டு மருத்துவமனைகள்: புதிய செவிலியரின் தேர்வு பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்ட மாணவி ஒருத்தி இரண்டு பணி ஆணைகளோடு என்னைப் பார்க்க வந்தாள். ஒன்று அவள் ஊருக்குப் பக்கத்தில், 60 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனை. மாதம் 18,000 ரூபாய், தங்கும் அறை இலவசம். மற்றது சென்னையில், 500 படுக்கைகளைத் தாண்டிய மருத்துவமனை. 16,000 ரூபாய், அதிலும் ஹாஸ்டலுக்குப் பிடித்தம் உண்டு. கல்விக் கடனுக்குத் தவணை கட்டத் தொடங்கியாயிற்று. "எதுல சேரட்டும் மேடம்?" என்றாள்.

ஊதியமும் பெயரும்தான் வழக்கமாக இந்தக் கேள்விக்கு விடை சொல்கின்றன. முதல் ஆண்டைப் பொறுத்தவரை இரண்டுமே பிழையான அளவுகோல்கள் என்பது என் முடிபு. நைட் டூட்டியில் ஒருத்திக்கு எத்தனை நோயாளிகள், அப்போது அவள் பக்கத்தில் நிற்கப்போவது யார் என்பவையே பார்க்க வேண்டியவை.

2. ஊதியம்

தனியார் மருத்துவமனைச் செவிலியர் ஊதியம் குறித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் ஆணையிட்டதன் பேரில் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைந்த இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது, 200 படுக்கைகளைத் தாண்டினால் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியம் தர வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. இந்த அளவுகோலில் மாணவியின் கையிலிருந்த இரண்டு ஆணைகளுமே குறைவானவை. குறைவான இரண்டில் 2,000 ரூபாயும் ஹாஸ்டல் பிடித்தமுமான வித்தியாசத்தை வைத்து ஒரு வாழ்க்கைத் தொழிலின் தொடக்கத்தைத் தீர்மானிக்கலாகாது.

3. நோயாளி எண்ணிக்கை

எங்கள் துறையில் பலரும் ஏமாறும் இடம் இது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறிப்படி போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் வேண்டும். இந்த விகிதம் பணியாளர் பட்டியலுக்கானது, ஒரு ஷிஃப்டுக்கானது அன்று. 30 படுக்கை வார்டுக்கு ஆறு செவிலியர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு வார ஓய்வு, ஒருவருக்கு விடுப்பு, மிச்சம் நால்வர். காலையில் இருவர், மாலையில் ஒருவர், இரவில் ஒருவர். "எங்களிடம் ஐந்துக்கு ஒருவர் இருக்கிறார்" என்று நேர்காணலில் சொல்வது பொய்யில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்த ஒருத்தியின் கையில் முப்பது பேர்.

அந்த இரண்டு மணியை நான் அறிவேன். மூன்றாம் கட்டிலில் டிரிப் தீர்ந்திருக்கும். ஏழாம் கட்டில் பெரியவர் வியர்த்துக் கிடப்பார். சர்க்கரை இறங்கிவிட்டதா என்று விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். அதே நேரத்தில் கேஷுவால்டியிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்து நிற்கும். எதை முதலில் பார்ப்பது?

இது வெறும் களைப்புப் பற்றிய பேச்சன்று. லிண்டா எய்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. செவிலியர் மனமுடைந்து சோர்வதற்கான வாய்ப்பு 23 சதவீதம் கூடியது.

4. பக்கத்தில் நிற்பவர்

கல்லூரியில் கற்ற முறைக்கும் வார்டு நடப்புக்கும் இடையிலான பிளவில் புதியவர் அடையும் அதிர்ச்சியை மார்லின் கிரேமர் 1974லேயே நூலாக எழுதினார். செவிலியரின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்த பாட்ரிசியா பென்னரின் நூல் 1984இல் வந்தது. கீழ்ப்படிகளில் இருப்பவருக்கு ஒவ்வொரு அறிகுறியும் தனித்தனியாகத் தெரியும். எது முந்தி, எது பிந்தி என்பது பிடிபடாது. அதை மூத்தவர் ஒருவர்தான் கூட இருந்து காட்ட வேண்டும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் 10 மி.லி. மருந்து கரைக்கும் நீரின் ஆம்பியூலும் 10 மி.லி. அரைகுறை வெளிச்சத்தில் இரண்டும் அக்கா தங்கை போல இருக்கும். முன்னதைக் கரைக்காமல் நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சீனியர் சிஸ்டர் ஒருவர் "லேபிளைச் சத்தமாப் படிம்மா" என்று சொல்லும் வார்டில் அந்தத் தவறு கையிலேயே தடுக்கப்படுகிறது. அப்படிச் சொல்ல ஆளில்லாத வார்டில் ஒரு குடும்பமும் ஒரு பெண்ணின் வாழ்வும் சேர்ந்து அழிகின்றன.

5. பாண்ட்

குறிப்பிட்ட காலம் வேலையை விட்டு விலகக் கூடாது என்ற பாண்டுக்காக அசல் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பூட்டி வைக்கும் இடத்தில், மற்றவை எப்படியிருந்தாலும், சேரக் கூடாது.

6. ஒரு மறுப்பும் முடிபும்

பெரிய மருத்துவமனை என்பதாலேயே நல்லது என்று நான் சொல்லவில்லை. சிறிய இடத்தில் பிரசவமும் ஓ.டி.யும் கேஷுவால்டியும் ஒரே ஆண்டில் கைக்குப் பழகும். பெரிய இடத்தில் மூன்று வருடம் ஒரே வார்டில் கிடக்கவும் நேரும். ஷிஃப்டுக்கு ஒரு சீனியர் இருக்கும் 60 படுக்கை மருத்துவமனை, புதியவளை இரண்டாம் வாரமே ஐ.சி.யூ.வில் தனியே விடும் பெருமருத்துவமனையைவிட மேலானது.

ஆகவே மாணவியிடம், இரண்டு இடத்திலும் நர்சிங் சூப்பரின்டெண்டென்டின் அனுமதி பெற்று, இரவு எட்டு மணி ஹேண்ட்ஓவரின்போது வார்டுக்குப் போய் வரச் சொன்னேன். ஊர் மருத்துவமனையில் 26 நோயாளிகளை ஒரே செவிலியர் ஏற்றுக்கொண்டார். அவர் சேர்ந்தே நான்கு மாதம்தான். சென்னையில் ஆளுக்கு எட்டு பேர். புதிதாகச் சேர்ந்தவர் மூன்று மாதம் ஒரு மூத்தவரோடு மட்டுமே டூட்டி பார்ப்பார். சென்னையையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

மகளை வேலையில் சேர்க்க அழைத்துப் போகும் பெற்றோரே, சம்பளத்தைக் கேட்பதற்கு முன், இரவு எட்டு மணிக்கு அந்த வார்டு வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள்.