யாழ்ப்பாணப் பெண்களும் வேதாகம வாசிப்பும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், பாடசாலையிலிருந்து நாம் எடுத்துச் சென்றவை எவை என்று எண்ணிப் பார்ப்பது பொருத்தமானது. சான்றிதழ்களும் கேடயங்களும் ஒருபுறம் இருக்க, காலை ஆராதனையில் மாணவி ஒருத்தி எழுந்து நின்று வேதபாகம் வாசிக்க நாம் கேட்டிருந்த அந்தப் பழக்கம் எம்மில் பலரை விட்டு இன்னும் நீங்கவில்லை. கிறிஸ்தவ வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அது குடும்ப ஜெபத்திலும் தொடர்ந்தது. சைவ வீடுகளிலிருந்து வந்தவர்களிலும் 23ஆம் சங்கீதத்தை இன்றுவரை மனனமாகச் சொல்லக்கூடியவர்கள் பலர். இந்தப் பழக்கம் எமது மண்ணுக்கு எவ்வாறு வந்தது, பெண்களின் வாழ்வில் அது எதைச் செய்தது, இன்று அதன் நிலை என்ன என்பவற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

புத்தகம் கைக்கு வருமுன்

போர்த்துக்கீசர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் தேவாலயங்களோடு சேர்ந்த பள்ளிக்கூடங்கள் இருந்தன. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது வந்த பால்தேயு பாதிரியார் இப்பள்ளிக்கூடங்களைக் கோவிற்பற்றுத் தோறும் ஒழுங்குபடுத்தினார். ஆனால் அங்கு பிள்ளைகள் பெரும்பாலும் செய்தது ஞானோபதேச வினாவிடைகளையும் ஜெபங்களையும் கேட்டு மனனம் செய்ததே. புத்தகத்தைத் தாமே திறந்து வாசிக்கும் வாய்ப்பு மிக அரிது. ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும் அவ்வாறு மனனம் செய்தவர்களிற் பெரும்பாலானோர் கிறிஸ்தவ அடையாளத்தைக் கைவிட்டமை வரலாறு அறிந்த செய்தி. வாயில் மட்டும் நின்ற பாடம் அதிக தூரம் செல்லவில்லை.

தமிழில் வேதாகமத்தை அச்சேற்றும் பணி தரங்கம்பாடியில் தொடங்கியது. 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். இந்திய மொழி ஒன்றில் முழுமையாக அச்சேறிய முதலாவது புதிய ஏற்பாடு அதுவே. பழைய ஏற்பாட்டை அவர் முடிக்குமுன் 1719இல் காலமானார். அவருக்குப் பின் வந்த சூல்ச் ஐயர் அதனை நிறைவு செய்தார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிசியஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு வந்தது. புத்தகம் தமிழில் இருந்தது. அதனை வாசிக்கத் தெரிந்த பெண்கள்தான் எமது ஊர்களில் இருக்கவில்லை.

உடுவில் தந்த தொடக்கம்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் இலங்கைக்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினார்கள். ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப இசைந்த பெற்றோர், பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டனர். எழுத்தறிந்த பெண்ணை மணமுடிக்க யார் வருவார் என்ற அச்சமும் இருந்தது. இந்த நிலையில் 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். உணவும் உடையும் கொடுத்து, படிப்பை முடிக்கும்வரை இருந்த பிள்ளைகளுக்குச் சிறிய அளவில் சீதனமும் கொடுத்தே அவர்களை விடுதியில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அம்மையார் 1833இல் காலமானபோது பாடசாலைக்கு வயது ஒன்பது மாத்திரமே.

எழுத்துக் கற்பித்தமைக்கு மிஷனரிமாரிடம் நேரான காரணம் ஒன்று இருந்தது. கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் வேதத்தைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் சார்ந்த சபையின் அடிப்படை. வாசிக்கத் தெரியாத தாய் தன் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பாள் என்பது அவர்களின் கேள்வி. ஆகவே, மணலிலும் ஓலையிலும் எழுத்தைக் கூட்டப் பழகிய பிள்ளை விரைவிலேயே சுவிசேஷத்தின் வரிகளுக்கு வந்து சேர்ந்தாள். 1834இல் மானிப்பாயில் மிஷன் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியபின் புத்தகங்களும் சிறு பிரசுரங்களும் வீடுகளுக்குள் வரலாயின.

1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள் உடுவில் பாடசாலையை நடத்தினார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல் 1883இல் மானிப்பாயில் கண்மூடினார். ஆயிரம் மகள்மாரின் தாய் என்று அவரைச் சொல்வது வெறும் புகழுரை அன்று. தாயும் மகளும் பேத்தியும் ஒருவர்பின் ஒருவராக அவரிடம் படித்த குடும்பங்கள் இருந்தன.

அக்காலப் பெண்களில் ஒரு பகுதியினர் வேதாகமப் பெண்களாகப் பணியாற்றினர். வெளியே வராத பெண்களைத் தேடி வீடு வீடாகச் சென்று, திண்ணையிலும் அடுக்களை வாசலிலும் அமர்ந்து வாசித்துக் காட்டினர். விரும்பியவர்களுக்கு எழுத்தும் படிப்பித்தனர். சம்பளம் பெற்று ஊருக்குள் தனியே நடமாடிய முதற் பெண்களுள் இவர்களும் அடங்குவர். பாடசாலை வரலாறுகளில் அதிபர்மாரின் படங்கள் உண்டு. இவர்களுடைய பெயர்களோ பெரும்பாலும் எங்கும் பதியப்படவில்லை. இந்த நூற்றாண்டு மலரில் அவர்களை நன்றியோடு நினைவுகூருவது எமது கடமை.

மொழியும் வாசகரின் சுதந்திரமும்

வேதாகமத்தின் தமிழ் காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. இறைவனைக் குறிக்கும் ஒரு சொல்லை எடுத்தாலே இது விளங்கும். சீகன்பால்கு சர்வேசுரன் என்றார். பப்ரிசியஸ் பராபரன் என்றார். 1871இல் நிறைவுபெற்ற பவர் ஐயர் தலைமையிலான மொழிபெயர்ப்பில் தேவன் என்பது நிலைத்தது. 20ஆம் நூற்றாண்டின் திருத்தங்களில் கடவுள் என்ற சொல் இடம்பெற்றது. 1995இல் கத்தோலிக்கரும் ஏனைய சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. எம்முள் பலருக்குக் காதில் ஒலிப்பது இன்னும் பவர் ஐயரின் தமிழே.

இந்த வரிசையில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு தனியிடம் உண்டு. வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் தலைமையில் செய்யப்பட்டு 1850இல் வெளியான மொழிபெயர்ப்பில் அவருக்குத் தமிழ்ப் பண்டிதராகத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். அந்தப் பணி நிறைவேறிய காலத்தில், 1848இல், நாவலர் மிஷன் வேலையை விட்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் வெளியான சைவதூஷண பரிகாரத்தில், வேதாகமத்தில் வரும் ஆலய வழிபாட்டு முறைகளையே எடுத்துக்காட்டிச் சைவ வழிபாட்டை நிலைநாட்டினார். அந்த அளவுக்கு வேதாகமத்தை ஆழ்ந்து வாசித்திருந்தவர்கள் அன்றைய கிறிஸ்தவரிடையேயும் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இதனைச் சங்கடமான செய்தியாகச் சிலர் ஒதுக்குவதுண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒருவருக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தபின், அவர் என்ன முடிவுக்கு வருவார் என்பதை எவரும் கட்டுப்படுத்த முடியாது. மதம் மாற்றும் நோக்கோடு எழுத்துக் கற்பிக்கப்பட்டது என்ற குறையைச் சைவச் சமூகம் எழுப்பியது. அக்குறையில் உண்மை இருந்தது. அதற்கு மறுமொழியாகச் சைவப் பெண்களுக்கான பாடசாலைகள் எழுந்தன. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் நிறுவிய கல்லூரி அவற்றுள் தலையாயது. இரு தரப்பின் போட்டியிலும் நன்மை பெற்றவர்கள் பெண்பிள்ளைகள். கிறிஸ்தவருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. தானே வாசித்து, கேள்வி கேட்டு, ஏற்றுக்கொண்ட விசுவாசமே ஒருவருக்குச் சொந்தமாகும். பெரோயா பட்டணத்தார் பவுலின் போதனையைக் கேட்டதோடு நில்லாமல், அது சரியோ என்று வேதவாக்கியங்களை நாள்தோறும் ஆராய்ந்தமைக்காகவே அப்போஸ்தலர் நடபடிகள் நூலில் பாராட்டப்படுகிறார்கள்.

வேதாகமத்தினுள்ளேயே வாசிக்கும் பெண்கள்

யோசியா அரசனின் காலத்தில் ஆலயத்தில் நியாயப்பிரமாண புத்தகம் கண்டெடுக்கப்பட்டபோது, அதன் பொருளை அறிய ஆசாரியரும் அதிகாரிகளும் சென்றது உல்தாள் என்னும் தீர்க்கதரிசியான பெண்ணிடம். எஸ்றா எருசலேமில் காலை முதல் நண்பகல்வரை வேதத்தை வாசித்தபோது ஆண்களோடு பெண்களும் கேட்டு நின்றார்கள் என்பதை நெகேமியா நூல் குறிப்பிடுகிறது. தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும் பவுல், அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளைக்கு வேதம் சென்ற வழியை எமது வீடுகள் நன்கு அறியும்.

முழுமையாக வாசிப்பவருக்கே இவை தென்படும். புதுவருட நாளில் ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்து, அதில் வந்த வசனத்தை ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளும் வழக்கம் சபைகளில் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அட்டைகளில் ஆறுதலான வசனங்களே இருக்கும்; யோபுவின் முறைப்பாடு இராது. கர்த்தாவே எதுவரைக்கும் என்று கேட்கும் சங்கீதங்களும் அங்கு வருவதில்லை. துன்பம் வரும்போது, தனக்குப் பிடித்த பத்து வசனங்களை மட்டும் அறிந்தவர் திகைத்துப் போகிறார். புத்தகம் முழுவதையும் வாசித்தவர், தமக்கு முன்பும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் உண்டு என்று அறிவார்.

யுத்த காலத்தில் இதனை நாம் கண்ணாரக் கண்டோம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, கையில் எடுக்க முடிந்தவை மிகச் சில. கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் வேதப்புத்தகமும் அவற்றுள் ஒன்று. அதன் முன்பக்கங்களில் பிறப்பும் திருமணமும் மரணமும் எழுதப்பட்டிருந்தமையால், அது குடும்பத்தின் பதிவேடுமாயிருந்தது. எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலை அதுவரை நாம் புரட்டிப் பார்த்ததும் குறைவு. குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அதனை வாசித்தபோது, வெறுமையான பட்டணம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய அரிச்சுவடி வரிசையில் அமைந்தவை. எங்கள் ஆத்திசூடி அகரவரிசையில் செல்வதுபோல. அழுகையைக்கூட எழுத்து வரிசையில் ஒழுங்குபடுத்தி, பிள்ளைகள் மனனம் செய்யத்தக்கதாக விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

இன்று நாம் செய்யக்கூடியது

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் பெரும்பாலான மிஷன் பாடசாலைகள் அரசின் கைக்குச் சென்றன. அவரவர் சமயத்தை அவரவர்க்குப் படிப்பிப்பது நியாயமான ஏற்பாடு. அதன்பின், கிறிஸ்தவப் பிள்ளைக்கு வேதாகமத்தைப் பழக்கும் பொறுப்பு பெருமளவில் வீட்டுக்கும் ஓய்வுநாட் பாடசாலைக்கும் வந்து சேர்ந்தது. இப்போது எமது வீடுகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் சிதறியிருக்கின்றன. பேரப்பிள்ளைகள் தமிழைப் பேசினாலும் வாசிப்பது குறைவு. பாட்டியின் வேதப்புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. அதைத் திறந்தால் எழுத்து அவர்களுக்குப் படமாகவே தெரிகிறது. 200 ஆண்டுகளுக்கு முன் எமது முன்னோரான பெண்கள் நின்ற இடத்துக்கு வேறொரு வழியால் அவர்கள் வந்து நிற்கிறார்கள்.

பிள்ளை எந்த மொழியில் வாசித்தாலும் நல்லதே. அதோடு நாளுக்கு ஒரு சிறு பகுதியைத் தமிழிலும் சேர்த்து வாசிக்கலாம். நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள் உண்டு. மாதத்தின் திகதிக்கு ஒன்றாக எடுத்தால் கணக்கு வைக்கவும் தேவையில்லை. நாளுக்கு ஐந்து சங்கீதங்கள் வாசித்தால் ஒரு மாதத்தில் 150உம் முடியும். மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வாசிப்பவர் ஓர் ஆண்டில் முழு வேதாகமத்தையும் நிறைவு செய்வார். பாட்டி ஒரு வசனம், பேரப்பிள்ளை ஒரு வசனம் என்று தொலைபேசியில் மாறி மாறி வாசிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். எழுத்து கூட்டும் பிள்ளை தடுமாறும் இடத்தில் பாட்டி மனனமாக எடுத்துக் கொடுக்கிறார்.

எமது சங்க அங்கத்தவர்களில் முதியோர் பலருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது. வாழ்நாள் முழுவதும் வாசித்தவர்கள் இப்போது வாசிப்பாரின்றி இருக்கிறார்கள். வேதாகமப் பெண்கள் வீடு வீடாகச் சென்ற பணியை நாம் தொலைபேசி வழியே செய்யலாம். ஒவ்வொரு கிளைச் சங்கமும் தன் முதிய அங்கத்தவர்களின் பட்டியலை எடுத்து, வாரத்துக்கு ஒரு நாள், கால் மணிநேரம், அவர் கேட்க விரும்பும் பகுதியை வாசிக்க ஒருவரை ஒழுங்கு செய்யுமாறு அன்போடு வேண்டுகிறோம். சைவச் சகோதரி ஒருவர் தேவாரம் கேட்க விரும்பினால், அதனையும் வாசித்துக் கொடுப்போம்.