மண்ணை மூடிய கொடி: மலாயாத் தோட்டங்களில் உரமும் உழைப்பும்

ஜோகூர் மாநிலத்தில், பத்து பகாட்டுக்கும் குளுவாங்குக்கும் சாலைகள் பிரியும் சந்தியில் அமைந்தது ஆயர் ஈத்தாம். 'கரிய நீர்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். மட்பாண்டக் கடைகளால் பெயர்பெற்ற இவ்வூரின் வட்டாரத்தில் இன்று செம்பனை நிரைநிரையாக நிற்கிறது. ஜோகூரின் செம்பனை நிலங்களுள் பல, முன்பு ரப்பர் வளர்ந்தவை. அந்நிலம் வளமிழந்ததும் வளம் மீண்டதும் எவ்வாறு என்பதே இவ்வுரையில் நாம் காண விழைவது.

1877ஆம் ஆண்டில் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர் வந்தடைந்தன. 1910ஆம் ஆண்டின் விலையேற்றத்தை ஒட்டி மலாயாவின் காடுகள் விரைவாகத் தோட்டங்களாயின. அங்கு உழைக்க வந்த தமிழரை நாம் 'பால்வெட்டுத் தொழிலாளர்' என்றே நினைவிற்கொள்கிறோம். ஆயினும் ரப்பர் மரம் பால்வெட்டுக்கு ஏற்றதாவதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்லும். அவ்வாண்டுகளின் முதன்மையான வேலைகளுள் ஒன்று களையெடுப்பு. அதனைச் செய்தோருள் பெண்களும் சிறுவரும் மிகுதி.

அக்காலத் தோட்ட நிருவாகத்தின் கொள்கை, மரத்தடியில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்பது. புல் மரத்தின் உணவைக் கவரும் என்று கருதினர். லாலான் புல்லைப் பெரிதும் அஞ்சினர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பொழியும் நாட்டில், போர்வையற்ற சரிவு நிலம் என்னவாகும்? மேல்மண் கரைந்து ஓடியது, ஆறுகள் தூர்ந்தன. தூய்மை எனப் போற்றப்பட்டதே நிலத்தின் தேய்வுக்குக் காரணமாயிற்று.

இங்கு ஓர் உண்மையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழக உழவர் கொழிஞ்சியையும் சணப்பையும் வளர்த்து, வயலில் மடக்கி உழுது தழையுரமாக்கும் வழக்கம் உடையவர். நெல் அறுத்த தாளில் உளுந்தும் பயறும் விதைத்து மண்ணைத் தேற்றுபவர். உழவர் குடியிலிருந்து கப்பலேறியோர் பலர் இவ்வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவரே. ஆனால் களைகொத்தைக் கையில் தந்த ஆணையில் அவ்வறிவுக்கு இடமில்லை.

மாற்றம் ஆய்வின் வழியே வந்தது. 1925ஆம் ஆண்டில் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. பியூரேரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் ஆகிய அவரைக் குடும்பக் கொடிகள் இளமரங்களின் நிரைகளுக்கிடையே மூடுபயிராகப் பரவின. இக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. தொடக்க ஐந்தாண்டுகளில் அது ஏக்டருக்கு ஆண்டொன்றுக்குச் சராசரியாக 150 கிலோ அளவினது எனப் பிற்கால மலேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. உதிரும் இலை மண்ணைக் காத்தது. மரம் முன்னதாகவே பால்வெட்டுக்கு வந்தது.

அவ்வாறாயின் ஆலையுரம் வேண்டாவோ எனில், அன்று. கொடி செழிக்கப் பாஸ்பேட் தேவை. பாறைப் பாஸ்பேட் அமில மண்ணில் மெல்லக் கரைந்து முதலில் கொடிக்கும், கொடி மக்கிய பின்னர் மரத்திற்கும் பயன்பட்டது. காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா ஆக்கும் ஜெர்மானிய முறை 1913ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாகி, உலகெங்கும் விளைச்சலைப் பெருக்கியது. ஆயினும் வெறுந்தரையில் இட்ட உரத்தில் ஒரு பகுதி மழையோடு போய்விடும். மூடிய மண்ணே உரத்தைத் தாங்கிக்கொள்ளும். இன்றைய செம்பனைத் தோட்டங்களில் வெட்டிய மட்டைகளை நிரைகளுக்கிடையே அடுக்குவதும், ஆலையிலிருந்து மீளும் வெறுங்குலைகளை மரத்தடியில் பரப்புவதும் இப்பாடத்தின் தொடர்ச்சியே. இந்திய ரப்பர்த் தோட்டங்களில் மூடுபயிரான முக்குனா பிராக்டியேட்டா என்னும் கொடியும் 1990களில் மலேசியாவில் வேரூன்றியது.

எனினும் மண்ணுக்குக் கிட்டிய காப்பு அதில் உழைத்தோர்க்கு உடனே கிட்டவில்லை. லாலானைக் கொல்லத் தோட்டங்களில் ஆர்செனிக் நஞ்சைத் தெளித்தனர். பின்னர்ப் பாராகுவாட் வந்தது. முதுகில் தெளிப்பானைச் சுமந்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர். பாராகுவாட்டுக்கு 2002ஆம் ஆண்டில் விதித்த தடை 2006ஆம் ஆண்டில் தளர்த்தப்பட்டு, 2020ஆம் ஆண்டில்தான் முழுமையாயிற்று. நிலைத்த வேளாண்மை என்னும் சொல் மண்ணை மட்டுமன்றி, அம்மண்ணைத் தொடும் கையையும் காக்குமாயின் அன்றோ பொருளுடையதாகும்?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. தோட்டங்களில் களையெடுத்தோரும் உரமிட்டோரும் மருந்தடித்தோரும் இன்று பாட்டிகளாகவும் தாத்தாக்களாகவும் நம் வீடுகளில் உள்ளனர். எந்தக் கொடியை எப்பெயரிட்டு அழைத்தனர், உரத்தை மரத்திலிருந்து எத்தனை அடி தள்ளி இட்டனர், எந்த மருந்து கையை எரித்தது என்பனவற்றைக் கேட்டு எழுதிவையுங்கள். ஆய்வறிக்கைகள் விளைச்சலைக் குறித்துவைத்தன. அவ்விளைச்சலுக்குக் குனிந்த முதுகுகளின் சொற்களைக் குறித்துவைப்பது தமிழ் கற்போராகிய நமது கடன்.