பயங்கர இவானும் மகனும் (ஓவியம்)

ரஷ்ய ஓவியர் இலியா ரெப்பின் 1885-இல் தீட்டி முடித்த எண்ணெய் வண்ண ஓவியம். மாஸ்கோவின் திரெத்தியாகோவ் காட்சியகத்துக்குச் சொந்தமானது. 1581-இல் 'பயங்கர' இவான் என்ற ஜார் மன்னன் ஆத்திரத்தில் மகனைத் தடியால் அடித்துச் சாகடித்ததாகச் சொல்லப்படும் சம்பவமே இதன் பொருள்.

ரெப்பின் அடியைக் காட்டவில்லை, அதற்கு அடுத்த நொடியைக் காட்டினார். மகனின் பொட்டிலிருந்து வழியும் ரத்தத்தைக் கிழவன் உள்ளங்கையால் பொத்துகிறான். விரலிடுக்கில் அது கசிகிறது. செய்த காரியம் உறைத்துப் பிதுங்கி நிற்கும் கண்கள். ரத்தத்தைக்கூடப் பார்த்துவிடலாம், அந்தக் கண்களைத்தான் தாங்க முடிவதில்லை.

ஜார் மூன்றாம் அலெக்சாண்டர் இதைப் பொதுப்பார்வைக்கு வைக்கத் தடை போட்டார். சில மாதங்களில் தடை நீங்கியது.

1913-இல் பார்வையாளர் ஒருவர் கத்தியால் மூன்று முறை கிழித்ததில் முகங்கள் சிதைந்தன. மனமுடைந்த காப்பாளர் குருஸ்லோவ் ரயில் முன் பாய்ந்து உயிர்விட்டார். ரெப்பினே வந்து திருத்தினார். ஆனால் வயதோடு அவர் கையும் மாறியிருந்தது. அவர் புதிதாகப் பூசிய ஊதாச் சாயலைக் காட்சியகத்தார் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று! 2018 மே மாதம் மறுபடியும் ஒருவர் தடுப்புக் கம்பத்தால் கண்ணாடியை உடைக்க, ஓவியம் மூன்று இடங்களில் கிழிந்தது. இம்முறை முகங்களும் கைகளும் தப்பின.