பொது வீட்டுவசதியைச் சமூக அமைப்புகளிடம் ஒப்படைத்தல்: பிரிட்டன் தரும் பாடங்கள்

அரசு கட்டிய வீடுகளை அரசே நிர்வகிக்க வேண்டுமா, இலாப நோக்கற்ற சமூக அமைப்புகளிடம் ஒப்படைக்கலாமா? இந்தக் கேள்வியைப் பிரிட்டன் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் சோதித்து வருகிறது. அங்கே ஒப்படைப்பு இருவகைப்படும். ஒன்றில் வீட்டின் உடைமையே வீட்டுவசதிச் சங்கத்துக்கு மாறுகிறது. மற்றொன்றில் உடைமை உள்ளாட்சி மன்றத்திடமே இருக்க, வாடகை வசூல், பழுதுபார்ப்பு, பாதுகாப்பு ஆகியவை மட்டும் தனி அமைப்பிடம் செல்கின்றன. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எந்த உரிமை எவரிடம் எஞ்சுகிறது என்பது இந்த வேறுபாட்டைப் பொறுத்தே அமைகிறது.

முதல் வகைக்கு அடிப்படைக் காரணம் பணமே. உள்ளாட்சி மன்றம் கடன் வாங்கினால் அது அரசுக் கடன் கணக்கில் ஏறும். சங்கம் வாங்கினால் ஏறாது. பழுதடைந்த வீடுகளைச் சீரமைக்க மன்றங்களுக்குக் கடன் அனுமதி மறுக்கப்பட்ட காலத்தில், ஒப்படைப்பே எஞ்சிய வழியாக முன்வைக்கப்பட்டது. 1988-இல் சில்டர்ன் வட்டாரத்தில் தொடங்கி, பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு கைமாறின. ஆனால் ஒப்படைப்புக்கு முன் வாடகைதாரர்களின் வாக்கெடுப்பு நடந்தது. 2002-இல் பர்மிங்காம் மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 'வேண்டாம்' என்று வாக்களித்தனர். வீடுகள் மன்றத்திடமே நின்றன. அதே ஆண்டு கிளாஸ்கோவில் 58 விழுக்காட்டினர் ஏற்றனர். 2003-இல் ஏறத்தாழ 80,000 வீடுகள் கிளாஸ்கோ வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சென்றன. அவற்றின் மேலிருந்த 90 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கடனை அரசு ஏற்றுக்கொண்டது. மன்றத்திடம் வீடுகள் இருந்தவரை இதே கடனை ஏன் நீக்கவில்லை என்று எதிர்ப்பாளர்கள் கேட்டனர். அக்கேள்வி நியாயமானது என்றே நாம் கருதுகிறோம்.

கிளாஸ்கோ மக்களுக்கு மற்றொரு வாக்குறுதியும் தரப்பட்டிருந்தது. பெரிய சங்கம் இடைக்கால ஏற்பாடே, பின்னர் வீடுகள் அந்தந்தப் பகுதியின் சிறு சமூகச் சங்கங்களிடம் வந்து சேரும் என்பதே அது. அந்த இரண்டாம் கட்டம் பல ஆண்டுகள் இழுபட்டது. ஒரு பகுதி வீடுகளே அவ்வாறு சென்றன. பெருஞ்சங்கம் இன்று வீட்லி என்னும் குழுமத்தின் அங்கம். சீரமைப்புப் பணிகள் நடந்தன என்பதை மறுப்பதற்கில்லை. 'சமூகம்' என்னும் சொல் மட்டும் வழியில் எங்கோ தங்கிவிட்டது.

இரண்டாம் வகையின் ஆபத்தைக் காட்டியது இலண்டனின் கென்சிங்டன்–செல்சி. அங்கே 1996-இல் வாடகைதாரர் மேலாண்மை அமைப்பு உருவாக்கப்பட்டு, மன்றத்தின் வீடுகள் அனைத்தின் நிர்வாகமும் அதனிடம் தரப்பட்டது. அதன் ஆட்சிக்குழுவில் குடியிருப்போரின் பிரதிநிதிகளே மிகுதி. காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த மக்கள் பங்கேற்பு இருக்க முடியாது. அது நிர்வகித்தவற்றுள் ஒன்று 24 மாடி கிரென்ஃபெல் கோபுரம். 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் அதன் புறச்சுவருக்கு எளிதில் எரியும் பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட அலுமினியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2017 ஜூன் 14 அதிகாலையில் நான்காம் தளச் சமையலறை ஒன்றில் பற்றிய தீ சுவர்வழியே மேலேறியது. 72 பேர் மாண்டனர். மாண்டவர்களில் பெரும்பான்மையினர் சிறுபான்மை இனத்தவர். மாற்றுத்திறனாளிகள் பலரும் அவர்களுள் இருந்தனர்.

எச்சரிக்கை இல்லாமல் இது நேரவில்லை. 2016 நவம்பரிலேயே குடியிருப்போர் குழு ஒன்று, பேரிழப்பு ஒன்று நேர்ந்தால்தான் இந்நிர்வாகத்தின் திறமையின்மை வெளிப்படும் என்று பொதுவெளியில் எழுதியது. 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, அமைப்புக்கும் மக்களுக்கும் இடையே அவநம்பிக்கையும் பகைமையும் மண்டியிருந்ததைப் பதிவு செய்கிறது. கேள்வி கேட்டோர் கலகக்காரர்களாகப் பார்க்கப்பட்டனர். தீத்தடுப்புக் கதவுகள் தாமே மூடிக்கொள்கின்றனவா என்று முறையாகச் சோதிக்கவும் ஏற்பாடு இல்லை. நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டதாக எண்ணிய மன்றம், மேற்பார்வையையும் நழுவவிட்டது. 2018 மார்ச்சில் மன்றம் வீடுகளின் நிர்வாகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மக்களின் பெயரால் அமைந்த ஒரு நிர்வாகம் மக்களையே இவ்வாறு நடத்த முடிந்தது என்பதை நம் இயக்கத் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஆட்சிக்குழுவில் நாற்காலி கிடைப்பதும் அதிகாரம் கிடைப்பதும் ஒன்றாகிவிடவில்லை.

கைமாறும்போது ஓசையின்றிக் கழன்றுபோகும் இன்னொன்று தகவல் உரிமை. இங்கிலாந்தின் தகவல் சுதந்திரச் சட்டம் வீட்டுவசதிச் சங்கங்களுக்குப் பொருந்தாது. மன்றத்திடம் கேட்டுப் பெறக்கூடிய ஆவணத்தை, வீடு சங்கத்துக்குப் போனபின் அச்சட்டப்படி கேட்க முடியாது. ஸ்காட்லாந்து தன் சட்டத்தை 2019 நவம்பரில் சங்கங்களுக்கும் விரிவாக்கியது. கிளாஸ்கோ ஒப்படைப்பு முடிந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின்னர்!

இது நமக்கு அயலான செய்தியன்று. குடிசை மாற்று வாரியமாக 1970-இல் தோன்றி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய அமைப்பு, 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்னும் திட்டத்தின்கீழ்ப் பராமரிப்பைக் குடியிருப்போர் சங்கங்களிடம் விடுகிறது. தலித் மக்கள் பெருமளவில் வாழும் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற மறுகுடியமர்வுகள் இவ்வாரியத்தின் கீழ் உள்ளவையே. நகரின் நடுவிலிருந்து தம் விருப்பமின்றி அகற்றப்பட்டவர்கள் பலர் அங்கு உள்ளனர். பர்மிங்காம் மக்களுக்குக் கிடைத்த வாக்குச்சீட்டு, அவர்களை அகற்றும்போது எவரும் நீட்டாத ஒன்று. மின்தூக்கி நின்றாலோ கழிவுநீர் பொங்கினாலோ, சங்கம் வாரியத்தைக் காட்டும், வாரியம் சங்கத்தைக் காட்டும் நிலை வரலாகாது.

நம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(எச்)-இன்படி, அரசால் கட்டுப்படுத்தப்படும் அல்லது கணிசமாக நிதியளிக்கப்படும் அமைப்புகளும் பொது அதிகார அமைப்புகளில் அடங்கும். கூட்டுறவுச் சங்கங்கள் தாமாகவே அதில் அடங்கிவிடா என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் தலப்பலம் வழக்கில் கூறியது. குடியிருப்போர் சங்கங்களும் அவ்வரையறைக்கு வெளியே நின்றுவிடக்கூடும். வாரியம் அவ்வாறு விலகி நிற்க இயலாது. எந்தப் பழுது எவர் பொறுப்பு, எத்தனை நாளில் சரிசெய்யப்பட வேண்டும், வசூலான தொகைக்குத் தணிக்கை உண்டா என்பன குறித்து எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாரியத்திடமே விண்ணப்பிக்கலாம். அதற்கான கட்டணம் 10 ரூபாய்.