அணா போய் நயா பைசா வந்த கதை

போன செமஸ்டர் லீவில், நாமக்கல் பக்கத்தில் இருக்கும் மாமாவின் கோழிப்பண்ணைக்கு ஜாவாவில் ஒரு பில் போடும் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முட்டை விலை 4 ரூபாய் 35 காசு. அதை 'டபுள்' வகையில் 4.35 என்று வைத்து, 100-ஆல் பெருக்கி, 'இன்ட்' வகைக்கு மாற்றினால் 435 காசு வரவேண்டும் அல்லவா? வந்தது 434! பெருக்கலில் கிடைத்தது 434.99999999999994. முழு எண்ணாக மாற்றும்போது ஜாவா புள்ளிக்குப் பின்னால் உள்ளதை அப்படியே வெட்டிப் போட்டுவிட்டது. ஒரு காசுதானே என்று விட முடியாது. ஒரு லட்சம் முட்டைக்கு 1000 ரூபாய்.

நான் தலையைச் சொறிந்துகொண்டு இருந்ததைப் பார்த்த அப்புச்சி, "இது என்ன கண்ணு புதுசு? நயா பைசா வந்தப்பவே எங்களுக்கு அரைக்காசு போயிருக்குது" என்றார். அதைக் கேட்ட பிறகு தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

1957-க்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 4 பைசா, அதாவது காலணா நான்கு. ஒரு பைசாவுக்கு 3 பை. ஆக ஒரு ரூபாய் என்பது 64 பைசா அல்லது 192 பை. 1955-இல் நாணயச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1957 ஏப்ரல் 1 முதல் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆனது. பழைய பைசாவோடு குழம்பாமல் இருக்கத்தான் 'நயா', அதாவது 'புதிய'. 1964 ஜூன் 1-இல் அந்த 'நயா'வை எடுத்துவிட்டார்கள். இலங்கை இந்த மாற்றத்தை 1872-லேயே செய்து ரூபாய்க்கு 100 சதம் ஆக்கிவிட்டது!

100-ஐ 16-ஆல் வகுத்துப் பாருங்கள், 6.25. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது, அரைப் பைசாவுக்கும் கிடையாது. அதனால் அரசின் மாற்று அட்டவணையில் 1 அணா 6 நயா பைசா, 2 அணா 12, 3 அணா 19, 4 அணா 25. இரண்டு அணாவின் உண்மையான மதிப்பு 12.5. சரியாகப் பாதி வந்தால் கீழே இறக்கு, பாதிக்கு மேல் போனால் (18.75) மேலே ஏற்று என்பதுதான் அட்டவணையில் தெரியும் விதி.

சாதாரண 'காஸ்ட்' போட்டால் ஜாவா 18.75-ஐ 18 ஆக்கிவிடும். 'மேத்.ரவுண்ட்' போட்டால் 12.5 என்பது 13 ஆகிவிடும். இரண்டுமே 1957 அட்டவணையோடு ஒத்துப்போகாது. ஆனால் 'பிக்டெசிமல்' என்ற வகுப்போடு பயன்படுத்தும் 'ஹாஃப் டவுன்' என்ற முறை அச்சு அசலாக அதே விதி! தேர்வுக்குப் படித்தபோது இதெல்லாம் யாருக்குத் தேவைப்படும் என்று நினைத்திருக்கிறேன்.

சிக்கல் சில்லறையில்தான். அப்புச்சி அப்போது 12 வயதுப் பையன். நாமக்கல் அன்றைக்குச் சேலம் மாவட்டத்தில் இருந்தது (தனி மாவட்டம் ஆனது 1997-இல்). பழைய காசும் புதுக்காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. ஒரே தடவையில் எட்டணாவுக்குச் சாமான் வாங்கினால் 50 நயா பைசா. அதையே ஓரணா ஓரணாவாக எட்டுத் தடவை மாற்றினால் 48. ஒரு ரூபாயை இப்படி மாற்றினால் 96-தான் தேறும், 4 நயா பைசா காணாமல் போகும். கடைக்காரர் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மொத்தமாக வாங்குகிறவருக்கு நஷ்டம் இல்லை, தினக்கூலி வாங்கி அன்றாடம் அரைப்படி அரிசி வாங்குகிறவருக்குத்தான் அடி. எனக்கு இந்த இடம்தான் உறுத்தியது. ப்ரோகிராமிலும் இதே கதைதான்: வரிக்கு வரி மாற்றாமல், கூட்டிய பிறகு ஒரே தடவை மாற்ற வேண்டும்.

இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15-இல் தசம முறைக்கு மாறியபோது அரைப் பென்னிக்கும் ஒரு நாணயம் வைத்துக்கொண்டார்கள். நாம் அரைக்காசு வைக்கவில்லை.

எண் வகை மாற்றத்தில் நடந்த பெரிய விபத்து 1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட். 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றினார்கள். அதில் 32767-க்கு மேல் கொள்ளாது, வந்த எண் அதைவிடப் பெரிது. கிளம்பி 40 விநாடிக்குள் ராக்கெட் வெடித்தது. அது கொள்ளளவுத் தவறு, நம்முடையது ரவுண்டிங் தவறு.

இன்னொரு வேடிக்கை. கம்ப்யூட்டர் பின்னங்களை அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டிரண்டாகப் பிரித்துத்தான் வைக்கிறது. ஓரணா என்பது ரூபாயில் மாகாணி, 0.0625. 'டபுள்' வகையில் அது துளி பிசகாமல் உட்காரும். காலணாவும் அப்படியே (192-இல் ஒன்றான பை மட்டும் உட்காராது). நூற்றில் ஒன்றான நம் காசுதான் உட்காராமல் 434.99999 ஆகிறது! அணாவை ஒழித்து 100-க்கு வந்தோம், கம்ப்யூட்டரோ அணாக் கணக்குக்குத்தான் தோது.

நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் இத்தனை காலம் நின்றதற்கும் இந்தக் கணக்கில் ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். மிச்சம் இல்லாமல் 25, 50 என்று மாறியவை அவைதான். இரண்டணா 12.5, அதற்கு நாணயமும் இல்லை, பேரும் நிற்கவில்லை. காலணா மட்டும் "காலணாவுக்குப் பிரயோஜனம் இல்லை" என்று திட்டுவதற்கு மிஞ்சியது. 25 காசு நாணயமும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போனது. ஆனால் முட்டை விலை இன்னும் 5 காசு ஏறியது, 10 காசு இறங்கியது என்றுதான் நாமக்கல்லில் அறிவிக்கிறார்கள்.

மாமாவின் ப்ரோகிராமை மாற்றிவிட்டேன். இப்போது விலையை ஆரம்பத்திலிருந்தே காசாக, 435 என்று முழு எண்ணில் வாங்கிக்கொள்கிறது. கடைசியில் பில் அச்சடிக்கும்போது மட்டும் ரூபாய் ஆகிறது. அப்புச்சி பில்லைப் பார்த்துவிட்டு மனக்கணக்கில் ஒரு தடவை சரிபார்த்தார். சரியாக இருந்தது.